ஐசோக்ரான் செப்டர்: ஒரே மந்திரத்தைத் திரும்பத் திரும்பப் போட ஒரு வழிகாட்டி

மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தை ஆட ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே எல்லோருக்கும் இந்த ஆசை வரும். கையிலிருந்த நல்ல மந்திரத்தைப் போட்டாயிற்று, அதுவும் வேலையைச் செய்துவிட்டது, கார்டு கல்லறைக்கு, அதாவது பயன்படுத்திய கார்டுகள் சேரும் குவியலுக்குப் போய்விட்டது. இதையே அடுத்த டர்னிலும் போட முடிந்தால் எப்படி இருக்கும்?

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய இந்த ஆட்டம் 1993-இல் வெளிவந்தபோதே ஃபோர்க் என்ற கார்டு இருந்தது. களத்தில் போடப்படும் ஒரு மந்திரத்தை அது நகலெடுக்கும், ஆனால் ஒரே ஒரு தடவைதான். 1997-இல் பைபேக் (கூடுதல் விலை கொடுத்தால் கார்டு கைக்குத் திரும்பும்), 2001-இல் ஃப்ளாஷ்பேக் (கல்லறையிலிருந்து இன்னொரு தடவை போடலாம்) என்று வேறு வழிகள் வந்தன. 2003-இல் மிர்ரோடின் தொகுப்போடு வந்தது ஐசோக்ரான் செப்டர். ஒரு மந்திரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, எதிராளி அதை உடைக்கும்வரை போட்டுக்கொண்டே இருக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. விலை இரண்டு மேனா (மந்திரம் போடச் செலவழிக்கும் சக்தி). நிறம் இல்லாதது, அதனால் எந்த டெக்கிலும், அதாவது கார்டு கட்டிலும் வைக்கலாம்.

புதிதாக ஆடுபவர்கள் இதைக் கையில் வாங்கியதும் "எந்த மந்திரத்தை இதில் வைப்பது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியும் வேண்டியதுதான். ஆனால் இந்தக் கார்டில் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் வேறொரு கேள்வியில் இருக்கிறது: எதிராளி குறுக்கே வருவதற்கு எந்தெந்த இடத்தில் நீங்கள் வழிவிடுகிறீர்கள்? அதை மனதில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதல் படி: கார்டில் இருப்பதைப் புரிந்துகொள்வது

செப்டர் ஒரு ஆர்ட்டிஃபாக்ட், அதாவது களத்திலேயே தங்கும் பொருள் வகைக் கார்டு. அதில் இரண்டு வாக்கியங்கள்தான் இருக்கின்றன.

ஒன்று, இம்ப்ரின்ட். செப்டர் களத்துக்கு வரும்போது, உங்கள் கையிலிருக்கும் ஒரு இன்ஸ்டன்ட் கார்டை (யாருடைய டர்னிலும் போடக்கூடிய மந்திரம்) நீங்கள் விரும்பினால் எக்ஸைல் செய்யலாம், அதாவது ஆட்டத்திலிருந்து ஒதுக்கி வைக்கலாம். அந்தக் கார்டின் மேனா மதிப்பு (அதில் அச்சிட்ட மேனா விலையின் கூட்டுத்தொகை) இரண்டோ அதற்குக் குறைவாகவோ இருக்க வேண்டும்.

இன்னொன்று, இரண்டு மேனா கொடுத்துச் செப்டரை டேப் செய்தால் (பயன்படுத்தியதற்கு அடையாளமாகப் பக்கவாட்டில் திருப்பினால்), எக்ஸைல் செய்த கார்டை நகலெடுக்கலாம். அந்த நகலை, அதன் மேனா விலையைக் கொடுக்காமலே போடலாம்.

அந்த அசல் கார்டு எக்ஸைலிலேயே இருக்கும். முகம் தெரியும்படி செப்டருக்கு அடியில் செருகி வைத்துவிடுங்கள். அது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய தகவல், மறைக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் ஒரு நகல் உருவாகும், வேலையை முடிக்கும், காணாமல் போகும். செப்டர் உடைந்தால் அசல் கார்டு உங்கள் கைக்குத் திரும்பாது. செப்டரே கைக்குத் திரும்பி நீங்கள் அதை மறுபடி போட்டாலும் பழைய கார்டு வராது, புதிதாக இன்னொன்றைத்தான் எக்ஸைல் செய்ய வேண்டும்.

இன்னொரு கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செப்டர் ஒரு கார்டு, அதில் வைப்பது இன்னொரு கார்டு, ஆக மொத்தம் இரண்டு கார்டு போட்டிருக்கிறீர்கள். முதல் தடவை பயன்படுத்தும்போது அந்த மந்திரத்தின் விலை திரும்பி வருகிறது. இரண்டாவது தடவை செப்டரின் விலை. மூன்றாவதிலிருந்துதான் லாபம்.

இரண்டாம் படி: எந்தக் கார்டு பொருந்தும், எது பொருந்தாது

இன்ஸ்டன்டாக இருக்க வேண்டும், சோர்சரி (உங்கள் டர்னில் மட்டும் போடக்கூடிய மந்திரம்) ஆகாது. மேனா மதிப்பு இரண்டுக்குள் இருக்க வேண்டும். கேட்கச் சுலபம்தான், ஆனால் சில இடங்களில் கால் இடறும்.

விலையில் எக்ஸ் (நீங்களே தேர்ந்தெடுக்கும் எண்) உள்ள கார்டுகள் முதலில். கையில் இருக்கும்போது எக்ஸின் மதிப்பு பூஜ்யம் என்பதால் அவை பல சமயம் வரம்புக்குள் வந்துவிடும். ஆனால் மேனா விலை கொடுக்காமல் போடும்போதும் எக்ஸ் பூஜ்யம்தான். கையில் எத்தனை மேனா இருந்தாலும் கூட்ட முடியாது. அதனால் அவற்றை வைப்பதில் பயனில்லை.

அடுத்தது இரண்டு பாதியாகப் பிரிந்த கார்டுகள். ஃபயர், ஐஸ் என்று இரண்டு பாதி கொண்ட கார்டைச் செப்டரில் வைக்கச் சொல்லிப் பழைய வழிகாட்டிகள் சொல்லும். ஒரு காலத்தில் அது செப்டருக்கென்றே செய்தது போலப் பொருந்தியது. 2017-இல் விதி மாறியது. இப்போது கையில் இருக்கும்போது இரண்டு பாதியின் விலையும் சேர்த்துத்தான் கணக்கு. ஃபயரும் ஐஸும் தலா இரண்டு, சேர்த்தால் நான்கு. வைக்க முடியாது.

இன்ஸ்டன்ட் வடிவில் அட்வென்ச்சர் (அதே கார்டில் கூடவே இருக்கும் சிறு மந்திரம்) உள்ள கிரீச்சர் (தாக்கும், தடுக்கும் உயிரினம்) கார்டுகளும் அப்படித்தான். கையில் இருக்கும்போது அது கிரீச்சர் கார்டு மட்டுமே. செப்டர் அதை ஏற்றுக்கொள்ளாது.

இந்தப் படியில் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மேனா விலையைக் கொடுக்காமல் போடுவது என்பது விதிப்படி ஒரு மாற்று விலை. ஒரு மந்திரத்துக்கு ஒரே ஒரு மாற்று விலைதான் இருக்க முடியும். கூடுதல் விலை என்பது வேறு. அதை மாற்று விலையோடும் சேர்த்துக் கொடுக்கலாம்.

சைக்ளோனிக் ரிஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேனா மதிப்பு இரண்டு, செப்டரில் ஜோராக உட்காரும். அதற்கு ஓவர்லோட் என்று ஒரு வழி இருக்கிறது. ஏழு மேனா கொடுத்தால் எதிராளிகளின் லேண்டை (மேனா தரும் நிலக் கார்டு) தவிர மற்றதெல்லாம் அவரவர் கைக்குத் திரும்பிவிடும். செப்டர் வழியாக இதை ஓவர்லோட் செய்யலாமா என்று புதியவர்கள் கேட்காத நாளில்லை. முடியாது. ஓவர்லோட் ஒரு மாற்று விலை, செப்டர் தருவதும் மாற்று விலை, இரண்டும் சேராது. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு கார்டைத்தான் திருப்பி அனுப்பலாம். அதுவே மோசமில்லை என்றாலும், ஓவர்லோடுக்காகவே ரிஃப்டை டெக்கில் வைத்திருப்பவர் அதைச் செப்டரில் அடைப்பது நஷ்டம் என்பது என் கருத்து.

மறுபக்கம் ஓரிம்ஸ் சான்ட். 2001-இல் பிளேன்ஷிஃப்ட் தொகுப்பில் வந்தது, விலை ஒரு வெள்ளை மேனா. ஒரு ஆட்டக்காரர் அந்த டர்னில் மந்திரமே போட முடியாது. இன்னொரு வெள்ளை மேனாவைக் கிக்கராக, அதாவது விரும்பினால் கொடுக்கும் கூடுதல் விலையாகக் கொடுத்தால் அந்த டர்னில் எந்தக் கிரீச்சரும் தாக்க முடியாது. கிக்கர் கூடுதல் விலை என்பதால் செப்டரோடு சேரும். ஆகச் செப்டருக்கு இரண்டு, கிக்கருக்கு ஒன்று, மொத்தம் மூன்று மேனா. எதிராளியின் ஒவ்வொரு டர்னிலும் இதைச் செய்தால் அவர் மந்திரமும் போட மாட்டார், தாக்கவும் மாட்டார்.

மூன்றாம் படி: எப்போது களத்தில் இறக்குவது

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

இரண்டாவது டர்னில் இரண்டு லேண்ட் இருக்கிறது, செப்டரும் கையில் இருக்கிறது. உடனே இறக்கத் தோன்றும். பெரும்பாலும் வேண்டாம். நான்கு மேனா வரும்வரை காத்திருங்கள். காரணம் என்ன என்று பார்ப்போம்.

மேஜிக்கில் மந்திரங்களும் திறன்களும் ஸ்டாக் என்ற இடத்துக்குப் போகும். அடுக்கி வைத்த தட்டுகள் மாதிரி, கடைசியாக வைத்ததுதான் முதலில் எடுக்கப்படும். ஒன்று எடுக்கப்பட்டு வேலை முடிந்ததும், யாருடைய டர்னோ அவருக்குத்தான் முதலில் அடுத்ததைச் செய்யும் உரிமை வரும்.

இப்போது உங்கள் டர்ன், கையில் நான்கு மேனா. இரண்டைக் கொடுத்துச் செப்டரைப் போடுகிறீர்கள். எதிராளி அதைக் கவுண்டர் செய்யலாம், அதாவது பலிக்காமல் ரத்து செய்யலாம். செய்தால் போனது செப்டர் மட்டும், இன்ஸ்டன்ட் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

அவர் கவுண்டர் செய்யவில்லை. செப்டர் களத்துக்கு வருகிறது, இம்ப்ரின்ட் ஸ்டாக்குக்குப் போகிறது. இங்கே அவர் செப்டரை உடைக்கலாம். எந்தக் கார்டை எக்ஸைல் செய்வது என்பதை இம்ப்ரின்ட் நடக்கும்போதுதான் நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். செப்டர் ஏற்கெனவே போய்விட்டதால் எக்ஸைல் செய்யாமல் விட்டுவிடுவீர்கள். மறுபடியும் ஒரு கார்டு மட்டுமே நஷ்டம்.

அவர் அப்போதும் ஒன்றும் செய்யவில்லை. இம்ப்ரின்ட் நடக்கிறது, லைட்னிங் ஹீலிக்ஸை எக்ஸைல் செய்கிறீர்கள். இனி முதல் உரிமை உங்களுடையது. செப்டர் ஆர்ட்டிஃபாக்ட், கிரீச்சர் இல்லை. அதனால் வந்த டர்னிலேயே டேப் செய்யலாம். மீதி இரண்டு மேனாவைக் கொடுத்து உடனே டேப் செய்யுங்கள். இப்போது அவர் செப்டரை உடைத்தாலும் திறன் ஏற்கெனவே ஸ்டாக்கில் ஏறிவிட்டது. செப்டர் இல்லாமலே அது நடக்கும், நகல் வரும், மூன்று டேமேஜ் விழும், மூன்று லைஃப் உங்களுக்குக் கிடைக்கும்.

இரண்டு மேனாவில் அவசரப்பட்டு இறக்கியிருந்தால்? இம்ப்ரின்ட் நடந்த பிறகு, நீங்கள் ஒரு தடவைகூடப் பயன்படுத்தாத நிலையில், அவருக்கு ஒரு முழு டர்ன் கிடைக்கிறது. ஆர்ட்டிஃபாக்டை உடைக்கும் ஒரே ஒரு கார்டால் உங்கள் இரண்டு கார்டுகள் போய்விடும். செப்டரைப் பற்றி "இது ஆபத்தான கார்டு" என்று பலர் சொல்வது இந்த அவசரத்தால் வருவதுதான். எதிராளியிடம் ஆர்ட்டிஃபாக்டை உடைக்க எதுவுமில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இரண்டாவது டர்னில் இறக்கலாம்.

நான்காம் படி: பயன்படுத்துவது

செப்டரை டேப் செய்யும்போது யாரைக் குறிவைக்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நகலைப் போடும்போதுதான் குறி. அதனால் நீங்கள் டேப் செய்தவுடன் எதிராளி, குறி யார் என்று தெரியாமலே பதில் கொடுப்பதா வேண்டாமா என்று யோசிக்க வேண்டும். முன்கூட்டியே குறியைச் சொல்லி இந்த வசதியை இழந்துவிடாதீர்கள். நகல் ஸ்டாக்குக்கு வந்த பிறகு அவருக்கு இன்னொரு வாய்ப்பு வரும், அப்போது குறி தெரியும்.

போரோஸ் சார்ம் போலப் பல பயன்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கார்டுகள் செப்டரில் அழகாக வேலை செய்யும். இந்த டர்னில் நான்கு டேமேஜ், அடுத்த டர்னில் உங்கள் களத்துக்குப் பாதுகாப்பு என்று ஒவ்வொரு தடவையும் வேறொன்றை எடுக்கலாம்.

நகலை உடனே போட்டாக வேண்டும், சேமித்து வைக்க முடியாது. கவுண்டர் மந்திரம் வைத்திருந்தால், எதிராளி ஒரு மந்திரம் போட்டு அது ஸ்டாக்கில் இருக்கும்போதுதான் டேப் செய்ய வேண்டும். மெமரி லாப்ஸ் அப்படி ஒரு கார்டு. கவுண்டர் ஆன மந்திரம் கல்லறைக்குப் போகாமல் எதிராளியின் டெக்கின் மேலே போய் உட்காரும். அடுத்த டர்னில் அவர் அதையே எடுப்பார், அதையே போடுவார், நீங்கள் மறுபடியும் அதே மெமரி லாப்ஸ். புதுக் கார்டு பார்க்காமலே அவருடைய டர்ன்கள் கழியும். ஆனால் ஒரே டர்னில் அவர் இரண்டு மந்திரம் போட்டால் இரண்டாவது தப்பித்துவிடும், ஏனென்றால் செப்டர் உங்கள் அடுத்த டர்னின் தொடக்கத்தில்தான் அன்டேப் ஆகும், அதாவது மறுபடி நிமிரும்.

அதேதான் எல்லாவற்றுக்கும். உங்கள் டர்னில் டேப் செய்துவிட்டால் எதிராளியின் டர்னில் கிடையாது. நான்கு பேர் ஆடும் கமாண்டர் என்ற ஆட்ட வகையில் மேசையை ஒரு சுற்று வருவதற்குள் ஒரே ஒரு தடவைதான். அங்கே ஓரிம்ஸ் சான்ட் ஒருவருடைய வாயைத்தான் அடைக்கும், மற்ற இருவர் நிம்மதியாக ஆடுவார்கள்.

சான்ட்டோ, அதே போன்ற சைலன்ஸோ வைத்திருந்தால் எதிராளியின் அப்கீப்பிலேயே (டர்னில் கார்டு எடுக்கும் முன் வரும் கட்டம்) பயன்படுத்துங்கள். அவர் கார்டு எடுத்த பிறகு செய்தால், புதிதாக வந்தது இன்ஸ்டன்டாக இருந்து அதை அவர் பதிலாகப் போட்டுவிட வாய்ப்பு உண்டு. அப்கீப்பில் செய்தாலும் ஏற்கெனவே கையில் இருக்கும் இன்ஸ்டன்டை அவர் பதிலுக்குப் போடலாம், அதைத் தடுக்க முடியாது. லேண்ட் போடுவதையும், களத்தில் இருப்பவற்றின் திறன்களையும் சான்ட் தொடாது.

இன்னொன்று, பலர் கவனிக்காமல் விடுவது. ஃபோர்க், ட்வின்காஸ்ட் போன்றவை உண்டாக்கும் நகல் நேரடியாக ஸ்டாக்கில் தோன்றும், அது போடப்பட்டதாகக் கணக்கில் வராது. செப்டரின் நகல் அப்படியில்லை. அது உண்மையாகவே போடப்படுகிறது. அதனால் நீங்கள் மந்திரம் போடும்போதெல்லாம் எதையாவது தரும் கார்டுகள் எல்லாம் விழித்துக்கொள்ளும். யங் பைரோமான்சர் ஒவ்வொரு தடவையும் ஒரு குட்டி எலிமென்டலைக் களத்தில் இறக்குவான். ப்ரவஸ் என்ற திறன் உள்ள கிரீச்சர்கள் அந்த டர்னுக்கு வளரும்.

ஐந்தாம் படி: முடிவில்லாமல் சுற்றுவது

கமாண்டரில் செப்டர் பெயர் வாங்கியது பெரும்பாலும் ஒரே ஒரு ஜோடியால். 2016-இல் கலடேஷ் தொகுப்பில் வந்த டிரமாட்டிக் ரிவர்சல். இரண்டு மேனா, நீல இன்ஸ்டன்ட், லேண்டைத் தவிர உங்கள் களத்தில் இருக்கும் எல்லாவற்றையும் அன்டேப் செய்யும். எல்லாவற்றையும் என்றால் செப்டரையும் சேர்த்துத்தான்.

களத்தில் சோல் ரிங், ஆர்கேன் சிக்னெட், ரிவர்சல் வைத்த செப்டர் மூன்றும் இருக்கின்றன. ரிங்கிலிருந்து இரண்டு நிறமற்ற மேனா, சிக்னெட்டிலிருந்து ஒரு நீலம். ரிங்கின் இரண்டையும் செப்டருக்குக் கொடுத்து டேப் செய்கிறீர்கள், நீலம் மிச்சம். நகல் நடந்ததும் மூன்றும் அன்டேப். மறுபடி அதே. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நீல மேனா சேர்ந்துகொண்டே போகும். லேண்ட் அன்டேப் ஆகாது என்பதால் லேண்டின் மேனாவை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டு மேனா தருபவை இருந்தால் சுற்று ஓடும், மூன்று தருபவை இருந்தால் மேனா சேரும்.

சேர்ந்த மேனா அந்த ஃபேஸ் (டர்னின் ஒரு கட்டம்) முடிந்ததும் காலியாகிவிடும். அதனால் சுற்ற ஆரம்பிக்கும் முன் அதைக் கொட்ட ஒரு இடம் தயாராக இருக்க வேண்டும். ப்ளூ சன்ஸ் ஜெனித் போல எக்ஸ் உள்ள மந்திரம் கையில் இருந்தால், எதிராளியின் டெக்கில் இருப்பதைவிட அதிகக் கார்டுகளை அவரையே எடுக்க வைத்துத் தோற்கடித்துவிடலாம்.

என் மனதுக்குப் பிடித்தது ஈதர்ஃப்ளக்ஸ் ரிசர்வாயர். நீங்கள் ஒரு மந்திரம் போடும்போதெல்லாம், அந்த டர்னில் இதுவரை எத்தனை போட்டீர்களோ அத்தனை லைஃப் தரும். ஐம்பது லைஃப் கொடுத்தால் ஐம்பது டேமேஜ். செப்டரின் நகல்கள் போடப்பட்டவையாகக் கணக்கில் வருவதால், அந்த டர்னில் வேறெதுவும் போடாவிட்டாலும் பத்துச் சுற்றில் 55 லைஃப் வந்துவிடும். இதற்கு மேனா சேர வேண்டியதே இல்லை, சோல் ரிங் ஒன்றே போதும்.

மேசையில் இதைச் செய்யும்போது முதல் சுற்றை நிதானமாக, ஒவ்வொரு அடியாகக் காட்டுங்கள். எதிராளிகள் பதில் கொடுக்க நினைத்தால் அவர்களுக்கு இடம் கொடுங்கள். நகல் ஸ்டாக்கில் இருக்கும்போது யாராவது சோல் ரிங்கையோ செப்டரையோ உடைத்தால் சுற்று அங்கேயே நின்றுவிடும், அதுவரை சேர்ந்த மேனா மட்டும் மிஞ்சும். யாரும் குறுக்கிடவில்லை என்றால் "இதை ஐநூறு தடவை செய்கிறேன்" என்று ஒரு எண்ணைச் சொல்லுங்கள். முடிவில்லாமல் என்று சொல்ல விதியில் இடமில்லை, எண் வேண்டும். அப்புறம், தெரிந்தவர்களோடு சாதாரணமாக ஆடும்போது டெக்கில் இந்த ஜோடி இருப்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். இப்படி முடியும் ஆட்டம் எல்லோருக்கும் பிடிக்காது.

எதிரே வரக்கூடியவை

ஆர்ட்டிஃபாக்டை உடைக்கும் கார்டுகள் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றைவிட அதிகம் கவனிக்க வேண்டியவை, செப்டரைத் தொடாமலே முடக்குபவை. நல் ராட், ஸ்டோனி சைலன்ஸ் இரண்டும் ஆர்ட்டிஃபாக்ட்களில் விலை கொடுத்து இயக்கும் திறன்களையே நிறுத்திவிடும். டிரான்னித் மாஜிஸ்ட்ரேட் களத்தில் இருந்தால் அதை வைத்திருப்பவரின் எதிராளிகள் கையிலிருந்து மட்டும்தான் மந்திரம் போட முடியும். செப்டரின் நகல் எக்ஸைலிலிருந்து போடப்படுவதால் அதுவும் நின்றுபோகும். லவீனியா என்ற கிரீச்சர், எதிராளி மேனா செலவழிக்காமல் போட்ட மந்திரத்தைக் கவுண்டர் செய்வாள். செப்டருக்குக் கொடுத்த இரண்டு மேனா திறனுக்கான விலை, மந்திரத்துக்கானது அல்ல, அதனால் நகல் அவளிடம் மாட்டிக்கொள்ளும். குறிப்பிட்ட மேனா மதிப்புள்ள மந்திரங்களைக் கவுண்டர் செய்யும் சாலிஸ் ஆஃப் த வாய்டும் நகலைப் பிடிக்கும், நகலுக்கும் அசல் கார்டின் மேனா மதிப்புதான்.

இவற்றில் எதையாவது எதிரே பார்த்தால் செப்டரைக் கையிலேயே வைத்திருங்கள். முதலில் அந்தத் தடையை நீக்குங்கள், அப்புறம் இறக்குங்கள். கமாண்டர் டெக் கட்டும்போது, செப்டரில் வைக்கத் தகுந்த, உண்மையில் திரும்பத் திரும்பப் போட விரும்பும் இன்ஸ்டன்ட் எட்டாவது இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். டிரமாட்டிக் ரிவர்சலை மட்டும் நம்பி வைத்தால், அது கையில் வராத ஆட்டங்களில் செப்டர் வெறுமனே கிடக்கும்.